புது லேப்டாப் போட்ட காலி எடை

ஒரு சாமானை மாற்றுவதென்றால் பழையது கெட்டிருக்க வேண்டும். எங்கள் எடைமேடையில் இருந்த பழைய லேப்டாப் கெடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் 'பழசு ரிப்பேராமே' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ரிப்பேரும் இல்லை, ஒன்றும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றி, பீரோ மேலே போட்டார்கள்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து மணலி போகிற ரோட்டில் சௌக்கத் அலி பாயின் எடைமேடை இருக்கிறது. லாரி வந்து ரோட்டோரத்து இரும்புத் தட்டின்மேல் ஏறி நிற்கும். நான் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எடை எடுத்துச் சீட்டுக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. படிப்பு ஐந்தாவது. ஐந்தாவதுக்குள் எல்லா எண்ணும் வந்துவிடுகிறது, அதற்குமேல் எடைமேடைக்கு என்ன வேண்டும்?

வேலை சுலபம் என்று நினைப்பார்கள். லாரி முதலில் காலியாக வரும், ஒரு எடை. போய் இரும்பு ஏற்றிக்கொண்டு வரும், இன்னொரு எடை. இதிலிருந்து அதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் காலி எடை இருக்கிறதே, அங்கேதான் எல்லாத் திருட்டுத்தனமும் நடக்கும். காலியாக வரும்போது கேபினில் நாலு பேரை உட்கார வைத்துக்கொண்டு வருவான். தண்ணீர் டிரம்மை ரொப்பிக்கொண்டு வருவான். சீட்டுக்கு அடியில் கருங்கல் வைத்துக்கொண்டு வந்தவனையும் பார்த்திருக்கிறேன். காலி எடையைக் கூட்டிக் காட்டிவிட்டால் அவ்வளவு இரும்பு அவனுக்குச் சும்மா கிடைக்கும். அதனால் நான் கையில் ஒரு தடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். தட்டிப் பார்ப்பேன். ஆளை இறக்குவேன். என்னைப் பெற்ற அப்பனே டிரைவராக வந்திருந்தாலும் இறங்கச் சொல்லியிருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பாயின் மகள் ஷாஸியா வந்தாள். பி.காம். இரண்டாவது வருஷம் படிக்கிறாள். நல்ல பெண்தான், ஆனால் எதையும் விட்டுவைக்காது. கைப்பைக்குள்ளிருந்து ஒரு தட்டையான சாமானை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இன்னாம்மா இது, அப்பளம் மாதிரி கீது?"

"புது மாடல் தாத்தா. மொத்தமே ஒன்னே கால் கிலோ தான்."

"திருடன் தூக்கிகினு போக சௌகரியம்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பழைய லேப்டாப் செங்கல் மாதிரி கனம். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் ரோட்டைத் தாண்டுவதற்குள் பிடித்துவிடலாம்.

திறந்தாள். முதலில் என் கண் போனது வலப்பக்கம். அங்கே ஒன்றும் இல்லை.

"நம்பரு எங்கம்மா?"

"மேல ஒரு வரிசை இருக்கே."

"அது எழுத்தோட ஒட்டிகினு கீது. சைடுல தனியா இருக்குமே, கால்குலேட்டரு மாதிரி."

"இந்த சைஸ்ல அது வராது தாத்தா. பழகிடும்."

பழகிடும். எதை எடுத்துப் பிடுங்கினாலும் இந்த ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பழையதில் ஐந்தாம் நம்பர் கட்டையின்மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். விரல் அதைத் தடவினால் மற்ற எண்கள் எங்கே என்று தானாகத் தெரியும். கண் லாரியின்மேலேயே இருக்கும், விரல் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். எடைமேடையில் கண்ணை லாரியைவிட்டு எடுக்கக் கூடாது. எடுத்த நேரத்தில் எவனாவது தட்டின்மேல் ஒரு காலை வைத்தால் அறுபது கிலோ ஏறிவிடும். இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் குனிந்து தேட வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது ஒரு லாரிக்கு எடை போட்டிருப்பானா?

அடுத்தது வயர். தட்டுக்கு அடியிலிருந்து எடை வருகிற பெட்டியின் வயர் கட்டைவிரல் மொத்தம். முனையில் ஒன்பது ஊசி, இரண்டு பக்கமும் திருகாணி. திருகிவிட்டால் பூகம்பம் வந்தாலும் கழலாது. புதியதில் அதற்கு ஓட்டையே இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு ஓட்டை, எறும்பு போகிற அளவில். அதற்கென்று ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு வால் வாங்கி வந்திருந்தாள். வாலின் ஒரு முனையில் நம் வயர், மறுமுனையில் லேப்டாப். லாரி ஏறும்போது மேஜை அதிரும் அல்லவா, அதிர்ந்தால் வால் கழன்றுகொள்ளும். திரையில் எடை சைபர் என்று காட்டும். முப்பது டன் வண்டி கண்ணெதிரில் நிற்கிறது, இது சைபர் என்கிறது.

பழைய பிரிண்டர் இதற்குப் புரியவில்லையாம். கர் கர் என்று சத்தம் போட்டு மூன்று காகிதத்தில் ஒரே நேரத்தில் அடிக்கிற பிரிண்டர் அது. வெள்ளை டிரைவருக்கு, மஞ்சள் சரக்குக்காரருக்கு, சிவப்பு நமக்கு.

"பேப்பரே வேணாம் தாத்தா. நீங்க என்ட்டர் அடிச்சதும் மில்லுக்கு மெசேஜ் போயிடும். வண்டி நம்பர், சரக்கு எடை, அவ்ளோதான். அவங்களுக்கு அது போதும்."

"டிரைவருக்கு?"

"அவருக்கும் அதே மெசேஜ்."

கடைசியில் பூட்டு. முகத்தைக் காட்டினால்தான் திறக்குமாம். ஷாஸியா என்னை அதன் எதிரே உட்கார வைத்து, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று ஆதார் எடுக்கிற மாதிரி எடுத்தாள். மூக்குக் கண்ணாடி போட்டால் என்னைத் தெரிகிறது. கழற்றினால் தெரியவில்லை. வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் 'நீ யார்' என்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நான் உட்காருகிற நாற்காலியில் நேற்று வந்தது என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது! ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் மறுபடி பூட்டிக்கொள்கிறது, மறுபடி நீ யார். பத்து மணிக்கு மூன்று லாரி வரிசையில் நிற்கும்போது தானாக அணைந்து, ஏதோ வட்டம் சுற்றி, நூற்றுக்கு முப்பத்தேழு என்று காட்டிவிட்டு அங்கேயே நின்றது. தொடாதீங்க தாத்தா, அப்டேட் ஆகுது என்றாள். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அவனிடம் போய் அப்டேட் ஆகுதென்று யார் சொல்வது?

இருக்கிறதைச் சொல்ல வேண்டும் என்றால், எழுத்து நல்ல தெளிவு. தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. திறந்ததும் வேலைக்கு வருகிறது. பழையது மின்விசிறி மாதிரி இரைந்துகொண்டு கால் மணி நேரம் எடுக்கும். இந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். இதற்குமேல் ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அதற்கப்புறம்தான் அந்தப் பெண் குண்டைப் போட்டாள்.

"இன்னொண்ணு தாத்தா. இனிமே காலி வண்டியை ஏத்த வேணாம். பழைய லேப்டாப்ல இருந்த எல்லா வண்டியோட காலி எடையும் இதுல ஏத்திட்டேன். நம்பர் அடிச்சீங்கன்னா அதுவே போட்டுக்கும். லோடு எடை மட்டும் எடுத்தா போதும். டிரைவருங்களுக்கெல்லாம் நேத்தே மெசேஜ் அனுப்பிட்டேன்."



"ஏம்மா, வண்டி இன்னா கருங்கல்லா? எப்பவோ எடுத்த எடை இன்னிக்கி எப்டி இருக்கும்? மழ பேஞ்சா தார்பாயி நனையுது. டயரு மாத்துறான். கட்டை ஒடைஞ்சா வேற கட்டை போடறான். மனுசனுக்கே தீவாளிக்கு ஒரு எடை, பொங்கலுக்கு ஒரு எடை."

"பத்து இருபது கிலோ வித்தியாசம் வரும். முப்பது டன்ல அது ஒண்ணுமே இல்ல."

"பத்து இருபதுன்னு யார் சொன்னா? அதுவா சொல்லுச்சு?"

வாசலில் நின்றுகொண்டிருந்த சௌக்கத் அலி பாய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நைனா, வரிசை ரோடு வரைக்கும் நிக்கிது. டிராபிக்காரன் தெனம் வந்து கத்திட்டுப் போறான். ஒரு வண்டிய ரெண்டு தபா ஏத்தறதுக்கு பதிலா ஒரு தபா ஏத்துனா பாதி வரிசை கொறையும். கொழந்த சொல்றத கேளேன். எல்லாத்துலயும் குறுக்க வுழுந்தா எப்டி?"

குறுக்கே விழுகிறேனாம். அவர் எடைமேடைக்கு ஒரு நாளும் கெட்ட பேர் வராமல் குறுக்கே விழுந்து காத்தவன் நான். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. பாய் தண்டையார்ப்பேட்டைக்குப் போனார், ஷாஸியா காலேஜுக்குப் போனாள். நானும் அந்த அப்பளமும் தனியாக உட்கார்ந்திருந்தோம்.

பதினோரு மணி வாக்கில் தண்டபாணி லோடோடு வந்தான். எம்.கே.பி. நகர்க்காரன், நாற்பத்தைந்து வயசு. சொந்த லாரி, தானே ஓட்டுகிறான். சாத்தாங்காட்டில் பழைய இரும்பு ஏற்றிக் கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்கு மில்லுக்குக் கொண்டுபோகிறான். அந்த மில் ஒன்றுதான் அவனுக்குச் சோறு.

"நைனா, காலி ஏத்த வேணாம்னு மெசேஜ் வந்துச்சு, நேரா லோடு ஏத்திகினு வண்ட்டேன். மெய்யா அது?"

"மெய்தான். இனிமே எல்லாத்தையும் இது பாத்துக்கும். நான் சும்மா பொம்மை."

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சினுகீறே?"

பதில் சொல்லாமல் குனிந்து வண்டி நம்பரைத் தேடித் தேடி அடித்தேன். திரையில் காலி எடை தானாக வந்து உட்கார்ந்தது. 10,720.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது தப்பு. முந்தின வாரம் தண்டபாணி லாரித் தரைக்கு முழுக்கப் புதுத் தகடு அடித்திருந்தான். பழைய தகடு ஓட்டை விழுந்து ரோடெல்லாம் இரும்புத் துண்டு கொட்டுகிறது என்று, கனத்த தகடாகப் பார்த்துப் போட்டிருந்தான். சனிக்கிழமை எடைக்கு ஏற்றாமல் சும்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, 'நம்ம வண்டி புது மாப்ள மாதிரி கீதா' என்று என்னிடம் காட்டினவனே அவன்தான். தடியால் தட்டிப் பார்த்து, 'ஐந்நூறு அறுநூறு கிலோ ஏறியிருக்கும்டா' என்று சொன்னவன் நான்தான்.

ஆக, 10,720 என்பது பழைய தகடு இருந்தபோது எடுத்த எடை. அதைக் கழித்தால், லாரியின் புதுத் தகடும் சரக்கு இரும்பாகக் கணக்காகிவிடும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'இறங்குடா, லோடைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காலியாக வா' என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாஸியாவுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேரிடம் அப்படிச் சண்டை போட்டிருக்கிறேன்! அன்றைக்குச் செய்யவில்லை. எல்லாத்தையும் இதுவே பண்ணுதாமே, பண்ணட்டும், நல்லா அசிங்கப்படட்டும் என்று நினைத்தேன். சாயந்தரம் பாய் வந்ததும் இந்த எண்ணைக் காட்டி, 'பாத்தியா உன் புது மாடல் லட்சணத்தை' என்று கேட்க வேண்டும். அந்த ஆசைதான். தெரிந்தே என்ட்டரை அழுத்தினேன்.

பழைய நாளில் என்றால் சீட்டு என் கையில் இருக்கும். அடித்த பிறகு கிழித்துப் போடலாம். ஆத்திரம் தணிகிற வரைக்கும் காகிதம் மேஜையில் கிடக்கும். இதில் அழுத்தின நிமிஷமே மில்லுக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கூப்பிட வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தண்டபாணி கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் பின்னால் இன்னும் நாலு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. இதற்குள் இது இரண்டு தரம் பூட்டிக்கொண்டு இரண்டு தரம் நான் யார் என்று கேட்டது. தண்டபாணியை மறந்தே போனேன்.

இரண்டரை மணிக்கு என் பட்டன் போன் அடித்தது.

"நைனா..." தண்டபாணி குரல் வேறு மாதிரி இருந்தது. "இங்க பேஜாரா பூட்ச்சு நைனா. லோடு எறக்கி எடை போட்டாங்க. அறுநூத்தி இருவது கிலோ கொறையுதாம். வழியில நான் வித்துட்டேன்னு சொல்றானுங்க. செக்யூரிட்டி ரூம்ல குந்த வச்சிட்டானுங்க. வண்டி சாவிய புடுங்கிட்டானுங்க."



"ஆறு மணிக்குள்ள இன்னா ஏதுன்னு தெரியலன்னா நம்ம வண்டி நம்பர திருட்டு வண்டின்னு எழுதிடுவாங்களாம். எழுதிட்டா அப்பால இந்த மில்லு இல்ல, எந்த மில்லு கேட்டும் தொறக்காது. நீதான போட்டே எடைய? ஒரு வார்த்த சொல்லு நைனா."

பாய்க்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். நான் தெரிந்தே அழுத்தினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. 

"நைனா, அவசரப்படாத. நம்ம எடை தப்புன்னு நம்ம வாயாலயே சொன்னோம்னா, இதுவரைக்கும் போன எல்லா சீட்டும் தப்புன்னு அத்தன பார்ட்டியும் கெளம்புவான். நாளைக்கி நான் போன்ல பேசிக்கறேன். ரெண்டு நாள்ல அடங்கிடும்."

"ரெண்டு நாளா? ஆறு மணிக்கி அவன திருடன்னு எழுதப் போறான் பாய்!"

"எழுதுனா அப்பால அழிச்சிக்கலாம்."

"திருடன்னு எழுதுனத எந்த ஊர்ல பாய் அழிச்சிருக்கான்?"

அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டு, எடைமேடைச் சங்கிலியைப் போட்டுப் பூட்டினேன். ஷாஸியாவுக்குப் போன் போட்டு, காலேஜிலிருந்து உடனே வந்து, காலையில் தண்டபாணி வண்டிக்கு லேப்டாப்பில் என்னென்ன எண் இருக்கிறதோ அதைப் படம் பிடித்து அவன் போனுக்கு அனுப்பு என்று சொன்னேன். 'ஏன் தாத்தா, என்ன ஆச்சு' என்றாள். 'அனுப்பும்மா' என்றேன்.

திருவொற்றியூர் ஸ்டேஷனில் மூன்றேகால் கும்மிடிப்பூண்டி வண்டி கிடைத்தது. உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. எண்ணூர் போனது, அத்திப்பட்டில் அனல் மின்நிலையத்துப் புகை போனது, என் ஆத்திரம் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. லேப்டாப்பைத் திட்டினேன். அதை விற்றவனைத் திட்டினேன், பாயைத் திட்டினேன். பொன்னேரி தாண்டியும் திட்டுவதற்கு ஆள் மிச்சம் இருந்தது. அந்த ஆள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

மில் வாசலில் ஐந்து மணி. செக்யூரிட்டி ரூம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு அறை. தண்டபாணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், சட்டையெல்லாம் வியர்வை. மேஜைக்குப் பின்னால் சரக்கு வரவு பார்க்கிற ஆபீசர், பேர் அசோகன் என்று சட்டையில் குத்தியிருந்தது. மரியாதையான ஆள். மரியாதையான ஆட்களிடம்தான் ஜாஸ்தி பயம் எனக்கு.

"உட்காருங்க பெரியவரே. இந்த எடை போட்டது நீங்கதானே?"

"நான்தான். அந்த எடை தப்பு. வண்டிக்கிப் புதுத் தகடு போட்டுகீறான். லேப்டாப்புல பழைய காலி எடை இருந்துச்சு, அதுவே எடுத்துப் போட்டுகிச்சு. இரும்பு ஒரு துண்டுகூட எங்கியும் போவல."

தண்டபாணி தன் போனில் ஷாஸியா அனுப்பின படத்தைக் காட்டினான். காலி எடை 10,720. ஆபீசர் தன் காகிதத்தைப் பார்த்தார். அவர்கள் மில்லில் சரக்கை இறக்கின பிறகு எடுத்த காலி எடை 11,340.

"கழிச்சிப் பாருங்க சார்," என்றேன். "அறுநூத்தி இருவது. நீங்க கொறையுதுன்னு சொல்றதும் அறுநூத்தி இருவது. லோடு எடையப் பாருங்க, எங்களுதும் உங்களுதும் ஒண்ணா கீதா இல்லியா? வழியில வித்திருந்தா லோடு எடை கொறையணும்ல?"

அவர் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலையை ஆட்டவில்லை.

"கணக்கு சரியாத்தான் வருது. ஆனா இந்தப் படம் இப்பதான் வந்திருக்கு. நாலு மணி நேரம் கழிச்சு. இதை உட்கார்ந்து மாத்தி அடிச்சு அனுப்ப முடியாதா? நீங்க ரெண்டு பேரும் பல வருஷமா பழக்கம். நான் மேல பதில் சொல்லணும்."

"அத மாத்த எனக்குத் தெரியாது சார். எனக்கு அதத் தொறக்கவே தெரியாது."

"பெரியவரே, இருபது வருஷத்துக்கு மேல எடைமேடையில இருக்கேன்னு சொல்றீங்க. ஒரு லாரி வந்து நிக்குது, தகடு புதுசு. உங்க கண்ணுக்கா அது படல? நான் நம்பணும்னா ஒண்ணு சொல்லுங்க. காலி எடை தப்புன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வயசானவன், கண் சரியில்லை, மெஷின் புதுசு. எல்லாரும் நம்புகிற பொய். ஆனால் இந்த ஆள் நம்பவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்றால் இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டுவார். சுவரில் இருந்த கடிகாரம் ஐந்தரைக்கு வந்திருந்தது.

"தெரியும்," என்றேன்.

தண்டபாணி தலையைத் தூக்கினான்.

"நல்லாத் தெரியும் சார். சனிக்கெழம நானே தட்டிப் பாத்து அறுநூறு கிலோ ஏறும்னு சொன்னேன். இந்தப் புது லேப்டாப்பு வேணாம்னு காலையில சண்ட போட்டேன். யாரும் கேக்கல. அது தப்பா போடட்டும், எல்லாரும் பாக்கட்டும்னு வேணும்னே அழுத்துனேன். அப்பால இவன மறந்துட்டேன். திருட்டு நடக்கல. நடந்தது என் கொழுப்பு."

ஆபீசர் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

எழுதினேன். எனக்கு எழுத நேரம் பிடிக்கும். காலி எடை எடுக்கவில்லை. தகடு மாற்றினது எனக்குத் தெரியும். தெரிந்தே அழுத்தினேன். தண்டபாணி இரும்பு எடுக்கவில்லை. கீழே ஆறுமுகநயினார் என்று முழுப்பேரும் போட்டேன். ஆபீசர் இரண்டு தரம் படித்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து லாரிச் சாவியை எடுத்துத் தண்டபாணி முன்னால் வைத்தார்.

திரும்பும்போது அவன் லாரியில்தான் வந்தேன். ஏறு என்று சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. மீஞ்சூர் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"அந்த லேப்டாப்பு அசிங்கப்படணும்," என்றான் திடீரென்று. "அதான?"

"ஆமாண்டா."

"அது பாட்டுக்கு ஏசி கடையிலேந்து வந்து குந்திகினுகீது. மூணு மணி நேரம் எவன் அசிங்கப்பட்டான்? தண்ணி கேட்டேன், வெளிய கொழாயக் காட்டுனான் நைனா. கூட வர்ற டிரைவரெல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போறான். எம் பொண்ணு வயசுப் பொண்ணு ஒண்ணு ஆபீஸ் ஃபைலத் தூக்கிகினு வந்து என்ன திருடன்னு பாக்குது."

"தப்புதாண்டா."

"தப்புன்னு சொல்லாத. நீ சொன்னா எனக்கு இன்னும் எரியிது. ஊர்ல ஒருத்தனையும் நம்ப மாட்ட நீ. எங்க எல்லாரையும் திருடனாட்டம் எறக்கி எறக்கி தட்டிப் பாப்ப. பாக்கட்டும், கெழவன் நாயமானவன்னு நாங்க எறங்குனோம். உன்ன எவன் தட்டிப் பாத்தான்?"

எடைமேடை வந்ததும் இறங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சௌக்கத் அலி பாய் என்னோடு பேசவில்லை. நான் எழுதின காகிதத்தின் படம் அவர் போனுக்கு வந்துவிட்டிருந்தது. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. வந்தார், நின்றார், போய்விட்டார். ஷாஸியா காலேஜுக்குப் போகாமல் உட்கார்ந்து, ஏற்றி வைத்திருந்த எல்லா வண்டிகளின் காலி எடையையும் ஒவ்வொன்றாக அழித்தாள். வயரோடு தனியாக ஒரு நம்பர் கட்டை வாங்கி வந்து வலப்பக்கம் வைத்தாள். ஐந்தின்மேல் மேடு இருந்தது.

"என்கிட்ட கத்தியிருக்கலாம்ல தாத்தா," என்றாள். "ஒரு போன் பண்ணி நல்லா கத்தியிருக்கலாம். நான் கேட்டிருப்பேன்."

"நீ கேட்டிருப்பியோ என்னவோ. நான் கத்தல," என்றேன்.

அந்த லேப்டாப்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை வரவில்லை. இன்றைக்கும் துண்டு கட்டினால் நான் யார் என்று கேட்கிறது. வால் அதிர்ந்தால் கழன்றுகொள்கிறது. பழையதைக் கீழே எடுத்துக் கொடு என்றால், அதற்கு இனிமேல் மென்பொருள் வராதாம், முடியாதாம். ஒரு சாமான் நன்றாக இருக்கும்போதே அதைச் செத்துவிட்டதாகச் சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதை நான் யாரிடமும் கேட்பேன். பாய் முன்னாலும் கேட்பேன்.

வியாழக்கிழமை தண்டபாணி வந்தான். காலி வண்டி. தட்டின்மேல் நிறுத்தினான். நான் தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவன் இறங்கி நின்றான். சுற்றி முடித்து நான் உள்ளே வந்தபோது என் பின்னாலேயே அவனும் அறைக்குள் வந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டிரைவரையும் நான் அந்த வாசற்படியைத் தாண்டவிட்டதில்லை.

"வெளிய நில்றா. உள்ள ஆளு வரக் கூடாது."

"வருவேன்."

"தண்டபாணி!"

"கத்தாத. நான் இங்கதான் நிப்பேன். நீ நம்பர் அடி, அது இன்னா காட்டுதுன்னு நான் பாக்கணும். அப்பால அழுத்து."

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே அடுத்த லாரிக்காரனும் இறங்கி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போனால் நாற்காலியில் வேறு எவனாவது உட்காருவான், அவன் வண்டியைத் தட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

உட்கார்ந்தேன். கண்ணாடியைப் போட்டேன். வண்டி நம்பரை அடித்தேன்.

"நகர்றா, வெளிச்சத்த மறைக்கிற."

"மறைக்கட்டும். இன்னா எடை, படி."

"பதினோராயிரத்து முந்நூத்தி நாப்பது," என்று அவனுக்கும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். அவன் குனிந்து, திரையில் ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றான். அதற்குப் பிறகுதான் அழுத்தினேன்.